உறைக்கு வைத்த பூச்சி

தொட்டிக்காரருக்குப் பொய் சொல்ல வராது. இந்த விவகாரத்தில் எல்லாருக்கும் பெரிய தொந்தரவாக முடிந்தது அதுதான். பொய் சொல்லத் தெரிந்த மனுஷராக இருந்திருந்தால், தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருப்பார். இவரோ ஊருக்கு எந்தத் தண்ணீரைக் காட்டினாரோ அதையே கேனில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோனார்.

ஊருக்கு மேற்கே முலாம் பட்டறைகள் வரிசையாக இருந்தன. குழாய்க்கும் கைப்பிடிக்கும் சைக்கிள் சாமானுக்கும் நிக்கல், குரோமியம் என்று பளபளப்பு ஏற்றுகிற பட்டறைகள். பளபளப்பு கடைக்குப் போகும். கழுவிய தண்ணீர் சாக்கடைக்கு வரும். ஒரு நாள் பச்சையாக வரும், ஒரு நாள் மஞ்சளாக வரும். அந்தத் தண்ணீரில் விழுந்த தவளை தகதகவென்று எழுந்து, கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் செத்துப்போகும் என்பார்கள். கண்ணாடி பார்த்தது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

இத்தனை தண்ணீரும் வந்து விழுகிற இடம் சுத்திகரிப்பு நிலையம். அங்கே மேலாளர் என்று பலகை போட்ட அறையில் உட்கார்ந்திருந்தவரைத்தான் எல்லாரும் தொட்டிக்காரர் என்றார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆள். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்த நேரத்தைவிடத் தொட்டிக் கரையில் நின்ற நேரம் அதிகம்.

தொட்டிக்குள் வேலை பார்த்தது பூச்சி. பாக்டீரியா என்பது அதன் படித்த பெயர். ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அம்மாள் அதைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுவந்தாள். அவள் சொன்ன நீளப் பெயர் தொழிலாளிகள் வாயில் நுழையாததால் அது பூச்சி ஆயிற்று, அவள் பூச்சியம்மா ஆனாள். அவளுக்கு இதில் வருத்தம் இல்லை. வீட்டில் தன்னை இதைவிட மோசமாகக் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

அந்தப் பூச்சியின் உடம்புக்குள், நூலில் கோத்த பாசிமணி போலக் காந்த மணிகள் வரிசையாக இருக்கும். கண்ணும் காதும் இல்லாத அதற்கு அந்தக் கோவைதான் வழிகாட்டி. அழுக்குத் தண்ணீரில் விட்டால் கரைந்து கிடக்கிற உலோகத்தை மேலும் உள்ளும் ஏற்றிக்கொண்டு கொழுக்கும். பிறகு காந்தத்தைக் காட்ட வேண்டியதுதான். பள்ளிக்கூட மணி அடித்ததும் வாசலுக்கு ஓடுகிற பிள்ளைகள் மாதிரி மொத்தமும் காந்தத்தை நோக்கி ஓடும். தொட்டியின் மேற்குக் கோடியில் அதற்கென்றே ஒரு காந்தச் சுவர் இருந்தது. சுவிட்சைப் போட்டால் காந்தம், அணைத்தால் வெறும் இரும்பு. பூச்சிகள் சுவரில் ஒட்டியதும் சுரண்டி டிரம்மில் அடைத்துவிடுவார்கள். உலோகம் டிரம்மோடு போகும். நேர் எதிரே, கிழக்குக் கோடியில், வெளிவாசல் ஷட்டர். பூச்சியெல்லாம் மேற்கே போய்விட்டால் கிழக்கே நிற்பது தெளிந்த தண்ணீர்தானே என்று கணக்குப் போட்டுக் கட்டியது. ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஏரிக்குப் போய்விடும்.

கணக்கில் பிழை இல்லை. பிழை உறையில் இருந்தது.

ஒவ்வொரு முறை தொட்டி நிரப்பும்போதும் ஆய்வுக்கூடத்திலிருந்து புதுப் புட்டி வரவேண்டும் என்பது பூச்சியம்மா வைத்த விதி. ஒரு மழைக்காலத்தில் பாலம் மூழ்கிப் புட்டி வரவில்லை. தொட்டிக்காரர் கரையில் நின்று யோசித்தார். அவர் வீட்டில் கல்யாணம் ஆன நாளிலிருந்து தயிருக்கு உறை வாங்கியது கிடையாது. நேற்றைய சட்டியில் அடியில் மிஞ்சிய ஒரு கரண்டிதான் இன்றைய பாலுக்கு. மனைவி ஊருக்குப் போனால்கூட உறைக்கிண்ணத்தைப் பக்கத்து வீட்டில் பத்திரமாகக் கொடுத்துவிட்டுத்தான் போவாள்; புருஷனை அப்படி யாரிடமும் ஒப்படைத்ததில்லை. பாலுக்கு ஆகிற வழி பூச்சிக்கு ஆகாதா என்று அவருக்குத் தோன்றியது. சுவரைச் சுரண்டி முடித்தபின் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரில் ஒரு வாளி மொண்டு, சர்க்கரைப் பாகு ஊற்றி நிழலில் மூடிவைத்தார். பொங்கி வந்தது. அடுத்த தொட்டிக்கு அதையே விட்டார். தண்ணீர் தெளிந்தது.

அதோடு புட்டி வாங்குவது நின்றது. உறைக்கு உறை, அதற்கு உறை என்று வருஷக்கணக்காக ஓடியது.

அவருடைய மச்சினன், மனைவிக்குத் தம்பி, பட்டறைக்காரர்களில் பெரிய ஆள். வந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது சுத்திகரிப்பு நிலையம் இல்ல, தயிர்க்கடை," என்றான். பாராட்டாகத்தான் சொன்னான்.

இன்னொரு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. சுவரில் ஒட்டுகிற கசடு வரவரக் குறைந்தது. முன்பு இரண்டு பேர் சேர்ந்து உருட்டிய டிரம்மை இப்போது ஒருவனே இடுப்பில் வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டுப் பாடியபடி போனான். கசடு குறைந்தால் அழுக்கு குறைந்தது என்று அர்த்தம் என எல்லாரும் நினைத்தார்கள். உள்ளே வருகிற தண்ணீர் அதே பச்சை, அதே மஞ்சள். வெளியே போகிற தண்ணீரைச் சோதிக்க ஓர் இரும்பு வாளி உண்டு. அதில் மொண்டு பார்த்தால் பளிங்கு. நடுவில் உலோகம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல செய்தியைக் குறுக்கு விசாரணை செய்கிற பழக்கம் மனுஷனுக்கு இல்லை.

அந்தப் பளிங்கைத்தான் தொட்டிக்காரர் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். வாளியில் மொண்டதை அல்ல. கேனை நேராக ஷட்டர் வாயில் பிடித்தார். இந்த வித்தியாசம் பின்னால் தெரியும். பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு தம்ளர் குடித்துக் காட்டுவார். வீட்டில் சமையல் அதில்தான். பயறு சீக்கிரம் வேகிறது என்றாள் மனைவி. மகளும் அதையே குடித்தாள். அவள் புருஷன் கப்பலில் வேலை பார்த்தான். குழந்தை பிறந்ததும் துறைமுக ஊரில் வீடு எடுத்து இருவரையும் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை அவள் அப்பா வீட்டு மாடி அறையில் இருந்தாள். வயிற்றுப் பிள்ளை உருவான நாளிலிருந்து அது ஊறியது அந்தத் தண்ணீரில்தான்.

முதலில் கரண்டிகள் திரும்பின. அலமாரி இழுப்பறையில் எப்படிப் போட்டு மூடினாலும், திறக்கும்போது காம்பெல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. பிறகு சுவர்க் கடிகாரம் நின்றது. பழுது பார்த்து மாட்டியதும் மகள் அந்தப் பக்கம் போனாள், மறுபடி நின்றது. மகளின் கொண்டை ஊசிகள் தலையில் நிற்காமல் நழுவி வயிற்றுப் பக்கம் வந்து விழுந்தன. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே வைத்த தம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாக உயர்ந்து நின்றது. ஒரு நெல்மணி கனம் இருக்கும். அவள் பக்கத்தில்தான் உயர்ந்திருந்தது. தொட்டிக்காரர் மேஜைக் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். தம்ளர் நேரானது. தண்ணீர் நேராகவில்லை.

வயிற்றுப் பிள்ளையின் சங்கதி இதற்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் கட்டிலில் படுத்தபடி தலைமாட்டை மாற்றினால் உள்ளே பிள்ளை உருண்டது. பழையபடி மாற்றினால் பழையபடி உருண்டது. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. கையால் வயிற்றை நீவித் தலையைக் கீழே இறக்கினாள். மகள் எழுந்து வாசல்வரை போவதற்குள் அது மறுபடி குறுக்கே போய்விட்டது. சில பிள்ளைகள் அப்படித்தான் விளையாடும் என்றாள் டாக்டரம்மா.

மாடி அறையில் ஒரு சாயங்காலம், மகள் அறை நடுவில் நின்று மெதுவாகத் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றினாள். கை வயிற்றின்மேல் இருந்தது. முகம் வெளுத்துப்போய் இருந்தது.

"அப்பா, நான் தப்பா நெனச்சுட்டு இருந்தேன். இது திரும்பல. நான்தான் திரும்புறேன். இது அங்கயேதான் நிக்குது."

மச்சினன் அங்கே இருந்தான். அவனுக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது. "அப்பன் கப்பல்ல தெச பாக்குறான், பிள்ளை உள்ளேயே பாடம் படிக்குது. வேலைக்கு அலைய வேண்டாம்மா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். பிறகு அவள் புருஷன் விட்டுப்போயிருந்த திசைகாட்டியை எடுத்து வயிற்றுக்கு அருகில் கொண்டுபோனாள். வடக்கே நின்ற முள் இரண்டு ஆடு ஆடிவிட்டு வயிற்றைக் காட்டியது. வயிற்றுக்குள் தலை கிழக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. மச்சினன் சிரிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றான்.

தொட்டிக்காரர் மறுநாளே ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பூச்சியம்மாவைக் கையோடு அழைத்துவந்தார்.

அவள் முதலில் டிரம்களைத் தட்டிப் பார்த்தாள். காலியாக ஒலித்தது. இத்தனை நாள் புட்டி கேட்டு ஆளே வரவில்லையே, வேறு இடத்தில் வாங்குகிறீர்களோ என்று நினைத்தேன் என்றாள். தொட்டிக்காரர் உறை வைத்த கதையை ஒளிக்காமல் சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"காந்தம் கூப்பிட்டதும் வந்ததெல்லாம் சுவர்ல ஒட்டிச்சு. அதச் சுரண்டி டிரம்ல போட்டீங்க. மிச்சத் தண்ணில இருந்தது எது? கூப்பிட்டும் வராதது. அதத்தான் உறைக்கு எடுத்து வச்சீங்க. ஒவ்வொரு தடவையும்," என்றாள். "சொன்ன பேச்சக் கேட்டத எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கேக்காததுக்கு மட்டும் சோறு போட்டு வளத்திருக்கீங்க, ஐயா."

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு வைத்து நுண்ணோக்கியில் காட்டினாள். ஊசி முனையளவு கறுப்புத் துளிகள் கூட்டமாக அலைந்தன. விரலளவு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கூட்டம் ஒரு கணம் நின்றது. பிறகு மொத்தமும் எதிர்ப் பக்கம் ஓடியது. கலைந்து ஓடவில்லை, வரிசையாக ஓடியது. தொட்டியில் காந்தத்திலிருந்து எதிர்ப் பக்கம் என்றால் கிழக்கு. கிழக்கே இருப்பது ஷட்டர்.

சோதனை வாளியின் மர்மமும் அப்போதுதான் விளங்கிற்று. அந்த இரும்பு வாளி காந்தச் சுவரின் கொக்கியிலேயே வருஷக்கணக்காகத் தொங்கித் தானும் அரைக் காந்தமாகியிருந்தது. அதைத் தண்ணீரில் இறக்கியதும் பூச்சிகள் ஒதுங்கி வழிவிட்டன. வாளியில் ஏறியது பளிங்கு. பிளாஸ்டிக் கேனைக் கண்டு அவை ஒதுங்கவில்லை.

தொட்டிக்காரர் அன்றைக்கே ஷட்டரை இறக்கிப் பூட்டினார். இதுவரை போனதெல்லாம் எங்கே என்று பூச்சியம்மா கேட்கவில்லை. வாய்க்கால் போகிற திசையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் இருப்பதை மருந்து போட்டுக் கொல்ல ஒரு வாரமாவது ஆகும் என்றாள். அதுவரை காந்தச் சுவரின் சுவிட்சைத் தொடவே கூடாது. போட்டால் தொட்டியில் உள்ளதத்தனையும் ஒரே மூச்சில் போய் ஷட்டரில் முட்டும். ஷட்டர் காந்தம் ஏறாத வெறும் இரும்பு. அவற்றுக்கு அது கதவு இல்லை, சாப்பாடு.

மருந்து வருவதற்கு முன் மகளுக்கு வலி வந்துவிட்டது.

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. கட்டிலைத் திருப்பிப் பார்த்தார்கள். முன்பு உருண்டதுபோல் இப்போது உருளவில்லை. வயிற்றில் தண்ணீர் வற்றி இடம் குறைந்துவிட்டது, கால்மாட்டைக் கிழக்கே வைத்தால் மட்டும் போதாது என்றாள் டாக்டரம்மா. கையால் முயன்றாள், முடியவில்லை. ஆபரேஷன்தான் என்று முடிவு செய்து மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போன வேகத்தில் டாக்டரம்மா வெளியே வந்தாள். அவள் நிதானமான மனுஷி. கையுறையைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"ஆபரேஷன் பண்ணிடலாம். கத்தி என் கைல இருக்கணும், அவ்வளவுதான்."

தட்டில் அடுக்கியிருந்த கத்தியும் கத்தரியும் ஊசியும், மகளை மேஜையில் ஏற்றியதும் எழுந்து நின்றிருக்கின்றன. முனை எல்லாம் வயிற்றைப் பார்த்து. ஒரு கத்தி தட்டை விட்டுக் கிளம்பியும்விட்டதாம். மகளை வெளியே தள்ளிவிட்டு நர்ஸ் கதவை மூடிப் பிடித்ததில் அது கதவில் குத்தி நிற்கிறது. தானாகப் போகிற கத்தியை எங்கே நிறுத்துவதென்று படிப்பில் சொல்லித்தரவில்லை என்றாள் டாக்டரம்மா. பிள்ளையின் தலை இன்று கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் இரண்டு உயிருமே இல்லை. அதையும் அவள் அதே நிதானத்தோடு சொன்னாள்.

தொட்டிக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றார். பிள்ளைக்குள் ஊறியிருக்கிற பூச்சி காந்தத்தைக் கண்டால் எதிர்ப் பக்கம் ஓடும். தொட்டியில் மகளின் தலை காந்தச் சுவரை ஒட்டி, கால் கிழக்கே. சுவர் முழு வேகத்தில் தள்ளினால், வற்றிய வயிற்றிலும் பிள்ளையின் தலை கால் பக்கம் இறங்கும். அவருக்கு இதற்கு மேல் யோசனை ஓடவில்லை. மச்சினனின் வண்டியில் மகளைப் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மாவும் ஏறிக்கொண்டாள்.

பூச்சியம்மா தொட்டிக் கரையில்தான் இருந்தாள். மரப்பலகையைக் காந்தச் சுவரின் ஓரத்தில் போட்டு மெத்தை விரிப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஷட்டர் நிக்காது. இப்பத் தொட்டில இருக்கிறது பழைய மாதிரி இல்ல. இதுவும் போய் ஏரில இருக்கிறதோட சேந்துச்சுன்னா, அதுக்கப்பறம் என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

பின்னால் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"எனக்குப் பொய் சொல்ல வராதும்மா," என்றார் தொட்டிக்காரர். "ஊரு, ஏரி எல்லாம் எனக்கு முக்கியம்னு இப்பச் சொன்னா அது பொய். எனக்கு எம் பொண்ணு வேணும். தள்ளிக்கோங்க."

பூச்சியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தள்ளிக்கொண்டாள். அவளுக்கும் ஒரு மகள் உண்டு.

இரும்பு என்று பேர் சொல்லக்கூடியதையெல்லாம் தூரக் கொண்டுபோனார்கள். மச்சினன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொட்டிக்காரர் சுவிட்சைப் போட்டார். சுவர் உறுமியது. மகளின் வயிற்றுத் தோல் மேலே, துணிக்கு அடியில் யாரோ மெதுவாகப் புரண்டு படுப்பதுபோல ஒரு மேடு எழுந்து, நகர்ந்து, கீழே இறங்கியது. டாக்டரம்மா கையை வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். "தல வந்துடுச்சு. அணச்சுடாதீங்க. அணச்சா மறுபடி போயிடும்."

ஆகவே அணைக்கவில்லை. பிள்ளை பிறக்கிறவரை சுவர் உறுமிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் முழுக்கத் தொட்டிக்காரர் மகளின் கையைப் பிடித்தபடி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீர் இந்தக் கோடியில் தாழ்ந்து அந்தக் கோடியில் உயர்ந்தது. காற்றே இல்லை. ஷட்டரின் பச்சைப் பெயிண்ட் முதலில் கொப்புளித்தது. பிறகு தகடு மெலிந்தது. தாள்போல மெலிந்து, வெயில் ஊடுருவிச் சிவப்பாகத் தெரிந்தது. ஆயிரம் எலிகள் மரியாதையாகக் கொறிப்பது மாதிரி ஒரு சத்தம்.

பெண் குழந்தை. அது முதல் அழுகை அழுத அதே நேரத்தில் ஷட்டர் இல்லாமல் போனது. உடையவில்லை, விழவில்லை, இருந்த இடத்தில் இல்லை. தண்ணீர் அலறாமல், சிதறாமல், பாய் சுருட்டுவதுபோல வாய்க்காலுக்குள் இறங்கிப் போய்விட்டது. தொட்டி ஈரமில்லாமல் வெளுத்துக் கிடந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தி, இன்னும் சரியாகத் திறக்காத கண்ணோடு வாய்க்கால் பக்கம் தலையைத் திருப்பியது.

அதன்பின் கொஞ்ச காலம் ஊர் சந்தோஷமாக இருந்தது. ஏரி அவ்வளவு அழகாக ஒருபோதும் இருந்ததில்லை. கறுப்பு நிறத்தில், ஆனால் கண்ணாடிபோலத் தெளிவு. மீன்கள் ஒரே திசையில் தலை வைத்து அசையாமல் நின்றன. பிடிப்பது சுலபமாக இருந்தது. பிறகு ஒரு படகுக்காரன் நடு ஏரியில் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது அவன் படகு பூ விரிவதுபோலப் பலகை பலகையாக விரிந்தது. நீந்திக் கரை சேர்ந்தவன் பலகைகளைப் பொறுக்கிப் பார்த்தான். ஆணி இருந்த துளைகள் இருந்தன. ஆணி ஒன்றுகூட இல்லை. படகு செய்த தச்சனோடு சண்டைக்குப் போனான். அதற்குமேல் ஏரியில் யாரும் இறங்கவில்லை.

குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. அழுவதே இல்லை. தொட்டிலை எப்படித் திருப்பிக் கட்டினாலும் அதன் முகம் ஏரி இருக்கிற பக்கமே திரும்பியது. மச்சினன்தான் ஒன்றைச் சொல்லக்கூடாது என்று பல நாள் அடக்கிவைத்திருந்து ஒரு மத்தியானம் வந்து சொன்னான். ஏரியில் தண்ணீர் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறதாம்.

"எந்தப் பக்கம்?" என்றார் தொட்டிக்காரர்.

"நம்ம வீட்டுப் பக்கம், மச்சான்."

அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஏரிக்கரையில் நின்று பார்த்தார். அன்றைக்குத் தம்ளரில் நெல்மணி கனம். இங்கே ஆள் உயரம். காற்றில்லை, அலையில்லை, தண்ணீர் ஒரு மேடாக எழுந்து, கவனமாகக் கேட்கிற முகம் போல, அவர் பக்கம் சாய்ந்து நின்றது. அவர் கரையோடு இடது பக்கம் நடந்தார். மேடு இடது பக்கம் வந்தது. திரும்பி வலது பக்கம் நடந்தார். அதுவும் திரும்பியது. தோளில் குழந்தை சிரித்தது. அது சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து கண்டதைக் கண்டபடி சொன்னார். கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாமே என்று மனைவி பின்னால் அழுதாள். மகள் அழவில்லை. அன்றே பெட்டி கட்டினாள். ஏரியை விட்டு எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போவது என்றாள். புருஷன் வீடு எடுத்துத் தயாராக வைத்திருந்தான். எல்லாருக்கும் அதுதான் சரியென்று பட்டது. மச்சினன் பேருந்து ஏற்றிவிட்டு வந்தான். குழந்தை பின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டே போனதாம்.

மறுநாள் ஒரு பொட்டு மேகம் இல்லை. மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. ஏரியின் கலங்கல், பெருமழைக்கு மட்டுமே வழிகிற அந்தக் கல்லணை, வழிந்துகொண்டிருந்தது. தொட்டிக்காரர் போய்ப் பார்த்தபோது ஏரி பாதி காலி. தண்ணீர் அவசரம் இல்லாமல், கறுப்பாக, கலங்கலைத் தாண்டி ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு எங்கே போகிறது என்று அவருக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். எல்லா ஆறும் போகிற இடம்தான். நேற்று அது ஞாபகம் வரவில்லை. வீட்டில் யாருக்கும் வரவில்லை.

ஃபோன் போட்டார். மகள் எடுத்தாள். பின்னால் கடல் இரைந்தது. வீடு நன்றாக இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரிகிறது, இங்கே கரண்டியெல்லாம் போட்ட இடத்தில் கிடக்கிறது என்று பலநாள் கழித்துப் பழைய குரலில் பேசினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பாப்பா எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கா?"

"காலைல இருந்து ஆறு வந்து கடல்ல சேருதில்ல, அந்தப் பக்கமேதான் பாக்குறா. ஏம்ப்பா?"

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறாப்பா. தெரிஞ்சவங்க யாரோ வர்ற மாதிரி."

பக்கத்தில் நின்ற மனைவி, ஒன்றுமில்லை என்று சொல்லும்படி கையைக் காட்டினாள். அவர் வாயைத் திறந்தார். வழக்கம்போலப் பொய் வரவில்லை.

"மேட்டுக்குப் போயிடும்மா. புள்ளையத் தூக்கிட்டு இப்பவே கெளம்பு. அந்தத் தண்ணி ஏறி வரமுடியாத மேடாப் பாத்துப் போ."

மகள் கேட்டாள்.

"அப்படி எந்த மேடுப்பா இருக்கு?"

பொய் சொல்லத் தெரிந்த மனுஷராக இருந்திருந்தால் ஏதாவது ஒரு மலையின் பேரைச் சொல்லியிருப்பார்.